பி.ஆர். யாருடைய கையில்?

கொழும்பு வெள்ளவத்தையில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக இருப்பதில் ஒரு வசதி உண்டு. எந்த நாட்டுக்கு இப்போது ஆள் எடுக்கிறார்கள் என்று அறியப் பத்திரிகை பார்க்கத் தேவையில்லை. மேசைக்கு வரும் பிறப்புச் சான்றிதழ்களே சொல்லிவிடும். 2022இல் நாடு கடன் கட்ட முடியாது என்று கையை விரித்த பிறகு வந்ததெல்லாம் லண்டன். அடுத்த வருடம் கனடா விசிட் விசா. அதற்குப் பிறகு ஜேர்மனி, ஜப்பான், இடையிடையே இஸ்ரேல். விசிட் விசாக்காரரைத் தள்ளிவிட்டால், நாடு மாறுகிறதே தவிர, என்ன வேலைக்குப் போகிறீர்கள் என்று கேட்டால் வருகிற பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: கெயார்கிவர், அதாவது பராமரிப்பாளர்.

2022இல் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துவிட்டு நாட்டை விட்டுப் போனார்கள். குவைத்துக்கோ கட்டாருக்கோ போகிறவருக்குத் திரும்பி வரவேண்டிய காலம் தெரியும். என் மேசைக்கு வருகிறவர்கள் வேறு ரகம். இவர்களிடம் திரும்பி வருகிற எண்ணமே கிடையாது. வங்கியில் கவுண்டரில் இருந்த பெண் வருவார். ரியூஷன் கொடுத்துக் குடும்பம் நடத்திய கணித ஆசிரியர் வருவார். ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட் வரும்வரை கூடப் பொறுக்காத பிள்ளைகள் அம்மாவோடு வருவார்கள். எல்லோரும் சொல்வது ஒரே வசனம்: "வயது போனவையைப் பார்க்கிற வேலை, அங்க ஆளில்லை, அஞ்சு வருசத்தில பி.ஆர்."

அந்த வசனத்தைக் கேட்டதும் நான் ஒரு கேள்வி கேட்பேன். சிலருக்கு அது பிடிக்காது. அந்த பி.ஆர்., அதாவது நிரந்தர வதிவிட உரிமை, யாருடைய கையில் இருக்கிறது? முதலாளியிடமா, அந்த நாட்டு அமைச்சரிடமா, உங்களிடமா? பதில் தெரிந்தால் எவ்வளவு காசு போடலாம், நகையை அடகு வைக்கலாமா, காணியைத் தொடலாமா என்பதெல்லாம் தானாகவே விளங்கிவிடும்.

லண்டனை எடுத்துக்கொள்வோம். 2022 பெப்ரவரியில் பராமரிப்பு வேலையை ஆள் பற்றாக்குறைப் பட்டியலில் சேர்த்தார்கள். குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போகலாம், 5 வருடம் வேலை செய்தால் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்றார்கள். அதற்குத் தேவை ஒரு ஸ்பொன்சர். உரிமம் உள்ள பராமரிப்பு நிறுவனம் ஒன்று சி.ஓ.எஸ். என்ற ஸ்பொன்சர் சான்றிதழைத் தரவேண்டும். பெயரைக் கேட்டால் முத்திரை குத்திய பெரிய பத்திரம் போலிருக்கும். உண்மையில் அது கணினியில் உள்ள ஒரு பதிவும் அதற்கு ஓர் இலக்கமும்தான். அந்த இலக்கத்தைத்தான் கொழும்பில் லட்சக் கணக்கில் விற்றார்கள்.

கொட்டாஞ்சேனைத் தம்பி ஒருவர் அப்படி வாங்கிப் போனவர். ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலப் பரீட்சை எழுதி, சர்வதேச குடிபெயர்வு அமைப்பான ஐ.ஓ.எம்.மில் காசநோய்ப் பரிசோதனை செய்து, எல்லாம் முறையாகத்தான் நடந்தது. அம்மாவின் நகை போனது, வவுனியாவில் இருந்த காணியும் போனது. அங்கே போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அது முதியோர் இல்லம் இல்லை. வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற வேலை. ஒரு வீட்டில் காலைச் சாப்பாடும் மருந்தும் கொடுத்துவிட்டு, பத்து மைலுக்கு அப்பால் இருக்கிற அடுத்த வீட்டுக்குப் போய்க் குளிப்பாட்டவேண்டும். கார் ஓட்டத் தெரியாதவருக்கு ஷிஃப்ட் இல்லை. ஷிஃப்ட் இல்லையென்றால் சம்பளமும் இல்லை. வாரம் முழுக்க வேலை என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது எழுத்தோடு நின்றது. முறைப்பாடு செய்யலாமே என்று நாங்கள் இங்கிருந்து கொண்டு ஞாயம் கதைத்தோம். முறைப்பாடு செய்தால் நிறுவனத்தின் உரிமம் போகும், உரிமம் போனால் அவருடைய விசாவும் போகும். அவர் வாய் திறக்கவில்லை. யாரோ வேறு ஒருவர் திறந்திருக்கவேண்டும்; உரிமம் போய்விட்டது. புது ஸ்பொன்சர் தேட 60 நாள் கொடுத்தார்கள்.

இது அவருடைய தலைவிதி மட்டுமில்லை. 2022 ஜூலையிலிருந்து 2024 முடியும் வரைக்கும் 470க்கும் மேற்பட்ட பராமரிப்பு நிறுவனங்களின் ஸ்பொன்சர் உரிமத்தில் கைவைத்ததாக அந்த நாட்டு அரசே கணக்குச் சொன்னது. அவற்றோடு தொடர்புபட்ட தொழிலாளர்கள் 39,000 பேருக்கு மேல். இதற்கிடையில் 2024 மார்ச் 11இலிருந்து பராமரிப்புத் தொழிலாளர் புதிதாகக் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது என்றார்கள். 2025 ஜூலை 22இல் வெளிநாட்டிலிருந்து இந்த வேலைக்கு ஆள் எடுப்பதையே நிறுத்தினார்கள். 5 வருடத்தை 10 ஆக்குவோம், இப்படியான வேலைகளுக்கு 15 ஆக்குவோம் என்று அதே வருடம் யோசனைகளும் வந்தன. தம்பிக்கு இப்போது ஸ்கொட்லாந்தில் வேறு இடம் கிடைத்திருக்கிறது. எத்தனையாம் வருடத்தில் பி.ஆர். என்று அவரிடம் கேட்பதை நான் விட்டுவிட்டேன்.

கனடாவின் கதை கொஞ்சம் நீளம். 1992இல் தொடங்கிய லிவ்-இன் திட்டத்தில் முதலாளியின் வீட்டிலேயே தங்கி 2 வருட வேலையைக் காட்டினால் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம். பிலிப்பைன்ஸ் பெண்கள்தான் அதில் அதிகம் போனார்கள். வேலை அனுமதியில் முதலாளியின் பெயர் இருக்கும். அவர் வீட்டு அறையில்தான் உங்கள் படுக்கை. இரவு ஒரு மணிக்குக் குழந்தை அழுதாலும் அது உங்கள் ஷிஃப்ட்தான். வீட்டில் தங்கியே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை 2014இல் எடுத்தார்கள். 2019இல் வந்த இரண்டு முன்னோடித் திட்டங்கள்தான் என் கணக்கில் இதுவரை வந்தவற்றில் நல்லவை. வேலை அனுமதி முதலாளியோடு கட்டப்படவில்லை, தொழிலோடு கட்டப்பட்டது. இந்த வீடு சரியில்லையென்றால் அடுத்த வீடு. குடும்பமும் கூட வரலாம். காட்டவேண்டிய வேலை அனுபவத்தை 2023இல் 24 மாதத்திலிருந்து 12 ஆகக் குறைத்தார்கள். ஆனால் வருடத்துக்கு இத்தனை பேர் என்று வரம்பு வைத்திருந்தபடியால் வாசலில் நெரிசல். 2024 ஜூனில் அவை முடிந்தன.

பிறகு 2025 மார்ச் 31இல் புதுத் திட்டம். கனடாவின் மொழி அளவுகோலில் ஆங்கிலம் நாலாம் மட்டம் போதும், உயர்நிலைப் பள்ளிப் படிப்புப் போதும், 6 மாத அனுபவமோ பயிற்சியோ இருந்தால் சரி, வேலைக்கு ஒருவர் ஆயத்தமாக இருக்கவேண்டும். கேட்டவர்களுக்கெல்லாம் வாயூறியது. அன்றைக்குத் திறந்தது, ஏற்கனவே கனடாவுக்குள் இருப்பவர்களுக்கான பிரிவு மட்டும். அதுவும் அதே நாளில் நிரம்பிவிட்டது. வெளியிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கான பிரிவு திறக்கவேயில்லை. அடுத்த மார்ச்சில் பார்க்கலாம் என்று காத்திருந்தவர்களுக்கு, திறக்க மாட்டோம் என்ற அறிவிப்புத்தான் வந்தது.

ஆனால் கொழும்பில் 'கனடா கெயார்கிவர்' விளம்பரம் நிற்கவில்லை. காலி வீதியில் ஒரு மாடிப்படி ஏறினால் போதும், குளிரூட்டிய அறையில் ஒரு பெண் பிள்ளை மேப்பிள் இலை போட்ட ஃபைலை நீட்டுவாள். எல்.எம்.ஐ.ஏ. எடுத்துத் தருகிறோம், இருபதாயிரம் டொலர், முப்பதாயிரம் டொலர் என்று பேரம் போகும். எல்.எம்.ஐ.ஏ. என்பது, உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளி அந்த நாட்டு அரசிடம் எடுக்கவேண்டிய அனுமதி. அதற்கான கட்டணம் பொதுவாக 1,000 டொலர். முதலாளிதான் கட்டவேண்டும், தொழிலாளியிடம் அறவிடக் கூடாது என்பது சட்டம். மிச்சக் காசு யாருக்கு என்று கேட்டால், "அண்ணை, அங்க எல்லாருக்கும் குடுக்கோணும்" என்பார்கள். ஏஜென்சியின் உரிம இலக்கத்தை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் சரிபார்க்க 1989க்கு ஒரு கோல் எடுத்தால் போதும். அந்தக் கோலை எடுக்கச் சொன்னால் மட்டும், ஏதோ மாப்பிள்ளை வீட்டைச் சந்தேகப்பட்டு விசாரிக்கச் சொன்னதுபோல முகம் சுளிக்கிறார்கள்.

இஸ்ரேலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இரண்டு அரசுகளும் பேசிச் செய்கிற ஏற்பாடு, சம்பளம் நல்லது, ஆனால் 5 வருடமும் 3 மாதமும் பொதுவான உச்சவரம்பு, பி.ஆர். என்ற பேச்சே இல்லை. 2023 ஒக்டோபர் 7 அன்று அங்கே பராமரிப்பு வேலையில் இருந்த இலங்கைப் பெண் ஒருவரும் கொல்லப்பட்டார். அது தெரிந்தும் போகிறார்கள். கடனை அடைத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போகிறவருக்குக் குறைந்தபட்சம் தன் கணக்குத் தெரிகிறது.

இப்போது என்னிடம் யோசனை கேட்டால் ஜேர்மனியைச் சொல்கிறேன். கேட்டவர் முகம் வாடிவிடும், ஏனென்றால் அங்கே முதலில் காசு கேட்கமாட்டார்கள், மொழி கேட்பார்கள். கிரெகரி வீதியிலுள்ள கோதே நிறுவனத்திலோ வேறு வகுப்பிலோ ஜேர்மன் மொழியை பி1, பி2 என்ற இடைநிலை மட்டம் வரை படிக்கவேண்டும். படித்தால் அங்கே 3 வருடத் தாதியப் பயிற்சியில் சேரலாம். பயிற்சிக் காலத்திலேயே மாதம் ஆயிரம் யூரோவுக்கு மேல் தருகிறார்கள். அந்த 3 வருடமும் பயிற்சி தருகிற இடத்தோடு கட்டுப்பட்டுத்தான் இருக்கவேண்டும், அதை மறைக்கக் கூடாது. முடித்த பிறகு சான்றிதழ் உங்கள் பெயரில். அந்தத் தொழிலில் 2 வருடம் வேலை செய்தால், மற்ற நிபந்தனைகளும் சரியாக இருந்தால், நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஒரு மருத்துவமனை பிடிக்கவில்லையென்றால் அடுத்த ஊர் மருத்துவமனை கையை நீட்டும்.

ஜப்பானும் ஏறக்குறைய அதே வழி, ஆனால் படி செங்குத்து. ஆரம்ப மட்ட ஜப்பான் மொழிப் பரீட்சை, பராமரிப்புத் திறன் பரீட்சை, பராமரிப்புக்கான மொழிப் பரீட்சை எல்லாம் தேறினால் 5 வருட விசா. குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. இந்த 5 வருடத்துக்குள் 3 வருட அனுபவத்தோடு அவர்களின் தேசியப் பராமரிப்பாளர் பரீட்சையை ஜப்பான் மொழியிலேயே எழுதித் தேறினால் வேறு விசாவுக்கு மாறலாம். அதைத் தொடர்ந்து புதுப்பிக்கலாம், குடும்பமும் வரலாம், பொதுவாகப் பத்து வருடமானால் நிரந்தர வதிவிடம் கேட்கலாம். தேறாவிட்டால் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். கஷ்டம். ஆனாலும் தோற்றால் அது நீங்கள் எழுதிய பரீட்சை. யாரோ ஒருவரின் உரிமம் போனதற்காக நீங்கள் வீதிக்கு வரமாட்டீர்கள்.

இவ்வளவையும் ஃபைலை வைத்துச் சொன்னேன். வேலையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாமல்தான் இருந்தது, அக்காவின் மகள் என்.வி.கியூ. என்ற தேசியத் தொழில் தகைமையின் மூன்றாம் தரக் கெயார்கிவர் பயிற்சிக்குப் போகும் வரைக்கும். அவள் வீட்டில் பழகுவதற்கு உடம்பு வேண்டியிருந்தது, நான் கிடைத்தேன். "மாமா, இப்ப நீங்கள் பாரிசவாதக்காரர். வலது பக்கம் வழங்காது. உதவி செய்யக் கூடாது" என்று சொல்லிப் படுக்கவைப்பாள். உதவி செய்யாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று படுத்துப் பார்த்தால்தான் தெரியும். சட்டை போடும்போது வழங்காத கையை முதலில் நுழைக்கவேண்டும். கழற்றும்போது அந்தக் கை கடைசியில். மாறிச் செய்தால் தோள்மூட்டு இழுபடும். படுக்கையில் புரட்டுவதற்கு ஆளைப் பிடித்து இழுக்கக் கூடாது. தோளிலிருந்து தொடை வரை வரும்படி குறுக்கே ஒரு விரிப்பைப் போட்டு, அதன் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்துப் புரட்டவேண்டும். அவள் நாற்பத்தைந்து கிலோ, நான் எண்பதைத் தாண்டியவன். முதல் நாள் என்னை அசைக்கவே முடியவில்லை. பிறகு ஒரு நாள், பேச்சுக் கொடுத்துக்கொண்டே, நான் உணரும் முன்னர் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டாள். முழங்காலை மடித்து வைத்ததுதான் சூட்சுமமாம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இப்படிப் புரட்டாவிட்டால் படுக்கைப்புண் வரும், வந்தால் ஆறாது என்று வகுப்பு மிஸ் சொன்னதை எனக்கும் பாடம் எடுத்தாள்.

பயிற்சியின் ஒரு பகுதியாக முதியோர் இல்லத்துக்குப் போன முதல் நாள் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. முன்பின் தெரியாத ஒரு பெரிய மனிதருக்குக் கழுவிவிட்டு வந்திருக்கிறாள். அக்கா அழுதா, கொன்வென்டில் படிப்பித்தது இதற்கா என்று. பிள்ளை அழவில்லை. இரண்டாம் கிழமை அந்தப் பெரியவர் ரயில்வேயில் இருந்தவர் என்றும், கரையோரப் பாதையின் ஸ்டேஷன்களை வரிசையாகச் சொன்னால்தான் வாயைத் திறந்து கஞ்சி குடிப்பார் என்றும் சொன்னாள். கோட்டையில் தொடங்கினால் பாணந்துறைக்குள் கோப்பை காலியாகிவிடுமாம். இவள் இந்த வேலைக்குச் சரி என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போது ஜேர்மன் வகுப்புக்குப் போகிறாள். வினைச்சொல்லைக் கொண்டுபோய் வசனத்தின் கடைசியில் வைக்கிறார்களே என்று வகுப்பே அலுத்துக்கொள்ள, தமிழிலும் அப்படித்தானே என்று தனக்கு அது கஷ்டமாகத் தெரியவில்லை என்கிறாள்.

தாள் விஷயத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும், இது என் தொழில். எங்கள் ஆட்களின் விண்ணப்பங்கள் மாட்டிக்கொள்வது அதிகம் பெயரில்தான். பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயர் மட்டும், பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக, ஓ.எல். சான்றிதழில் முன்னெழுத்து மட்டும், அதுவும் மூன்று விதமான ஆங்கில எழுத்தில். இவை எல்லாம் ஒரே ஆள் என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி முடித்து, பத்தரமுல்லைக்குப் போய் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சிப்படுத்தி எடுப்பதற்குள் சில திட்டங்கள் திறந்து மூடியும் விடுகின்றன. போகிற எண்ணம் இருந்தால் பெயரை இன்றைக்கே சரிபாருங்கள். இதற்கு ஏஜென்சி தேவையில்லை.

கடைசியாக, எங்கள் ஒழுங்கையில் உள்ள ஃபிளாட் ஒன்றைப் பற்றி. அங்கே மறதி நோயுள்ள அம்மா ஒருவர் இருக்கிறார். பிள்ளைகள் மூவரும் வெளிநாட்டில். பார்த்துக்கொள்வது தலவாக்கலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண். சில வருடங்களாக அந்த வீட்டிலேயே தங்கியிருக்கிறார். இன்சுலின் போடுவது, புரட்டுவது, இரவு எழும்பி யாழ்ப்பாணத்துக்கு பஸ் எடுக்கவேண்டும் என்று அடம்பிடிக்கும் அம்மாவைச் சமாளிப்பது எல்லாம் அவர்தான். கனடாவின் 2025ஆம் வருடத் திட்டம் கேட்ட 6 மாத அனுபவத்தைப் போல் எத்தனையோ மடங்கு அவரிடம் இருக்கிறது. அதைக் காட்டத் துண்டுக் கடதாசி ஒன்று கிடையாது.

அந்தப் பெண் தன் மகளின் பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்க்க வந்தபோதுதான் அவரிடம் கதைத்தேன். பயிற்சிக்குப் போகாவிட்டாலும், செய்துவந்த வேலையை வைத்துப் பரிசோதித்து என்.வி.கியூ. தருகிற முறை அரசின் தொழிற்பயிற்சி அதிகார சபையான நைட்டாவில் உண்டு என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. "நம்மளுக்கெல்லாம் எங்கங்க ஐயா குடுப்பாங்க, நான் ஒன்பதாம் வகுப்புங்க" என்றார். வேலை செய்ததற்கு ஒரு கடிதம் எடுத்து வாருங்கள், மற்றதைப் பார்ப்போம் என்றேன். கேட்கப் பயம் என்றார். சரி என்று நானே கடிதத்தை அடித்து, ரொறன்ரோவிலுள்ள, அந்த அம்மாவின் மூத்த மகளுக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். எந்தத் திகதியிலிருந்து வேலை செய்கிறார், என்னென்ன செய்கிறார் என்று பதினொரு வரி.

மூத்த மகள் ஸ்காபுரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் பி.எஸ்.டபிள்யூ., அவவும் பராமரிப்பாளர்தான். இரவு ஷிஃப்ட் முடித்து வந்து எனக்குக் கோல் எடுத்தா. கோபமாகக் கதைக்கவில்லை. "அண்ணை, அவ செய்யிற வேலையின்ர பெறுமதி எனக்குத் தெரியாமல் ஆருக்குத் தெரியும்? கடிதம் தாறன். ஆனா அவ போனா அம்மாவை ஆர் பாக்கிறது? அம்மா இருக்கும் மட்டும் போகமாட்டன் எண்டு அவவிட்ட ஒரு எழுத்து வாங்கித் தருவீங்களோ?" என்று கேட்டா. அப்படி ஒரு கடதாசியை நான் அடிக்கமாட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, தம்பியவையோடு கதைத்துவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டா.

போன கிழமை கடிதம் வந்தது. கையொப்பம் இருக்கிறது, திகதி இருக்கிறது. நான் அடித்த பதினொரு வரியில் நாலு வரிதான் மிச்சம். இன்சுலினும் புரட்டுவதும் இல்லை, வீட்டு உதவி என்று போட்டிருக்கிறது. திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவ பதில் போடும் வரைக்கும் சும்மா இருக்கத் தேவையில்லை. அந்த அம்மாவைப் பார்க்க வருகிற டொக்டர் இந்தப் பெண் இன்சுலின் போடுவதைக் கண்ணால் பார்த்தவர். அவரிடமும் ஒரு கடிதம் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.